இரண்டடியா, இரண்டரை அடியா? சேலத்து வீட்டில் ஒரு பவளத் தொட்டி

"கடல் தண்ணிதானே தம்பி வேணும்? எங்க போர்ல வர்றதே உப்புத் தண்ணிதான். நாலு குடம் புடிச்சுட்டுப் போ."

வீட்டில் பவளத் தொட்டி வைக்கப் போகிறேன் என்று கேள்விப்பட்டதும் எதிர்வீட்டு அக்கா சொன்னது இது. அவர் சொன்னதில் தப்பில்லை. சேலத்துக்காரர்களுக்குத் தண்ணீர் இரண்டே வகை: மேட்டூரிலிருந்து வரும் நல்ல தண்ணி, போரில் வரும் உப்புத் தண்ணி. கடல் என்ற மூன்றாவது வகை நமக்கு எங்கோ 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதை வரவேற்பறைக்குக் கொண்டுவருவது எப்படி, அதுவும் பெரிதாக, ஆழமாக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் முதலில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பவளத் தொட்டி என்பது கடல் மீன் தொட்டியிலிருந்து ஒரு படி மேலே. மீன் ஓரளவு கெட்ட தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும். பவளம் பொறுக்காது. பவளம் செடி மாதிரி தெரிந்தாலும் அது விலங்கு. அதன் திசுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, வெளிச்சத்தை வாங்கி உணவு சமைத்துப் பவளத்துக்கும் பங்கு கொடுக்கின்றன. ஆகவே வெளிச்சம், வெப்பம், உப்பு, நீரோட்டம் நான்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். நாளுக்கு நாள் ஏறி இறங்கினால் பாசியை வெளியே துப்பிவிட்டுப் பவளம் வெளுத்துப்போகும். தண்ணீர் அதிகமாக இருந்தால் எந்த மாற்றமும் மெதுவாகத்தான் நடக்கும். அதனால் புதியவருக்குச் சின்னத் தொட்டியைவிடப் பெரிய தொட்டி ஒரு வகையில் சுலபம். "பெரிசா வை" என்று அனுபவசாலிகள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சரி, பெரிது என்றால் எந்தப் பக்கம் பெரிது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

ஆறடி நீளத்தில் இரண்டு தொட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தொட்டி முன்னிருந்து பின்னாக இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம். இரண்டாவது இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரம். இரண்டிலும் சுமார் 850 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் ஒன்றுதான், படுக்க வைத்திருக்கிறோமா நிமிர்த்தி வைத்திருக்கிறோமா என்பதுதான் வித்தியாசம். கடையில் நிமிர்ந்த தொட்டியைப் பார்த்தால் கம்பீரமாக இருக்கும், ஆள் உடனே விழுந்துவிடுவார். நானும் விழுந்தேன்.

மேட்டூர் அணையை வைத்து இதை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். தினசரியில் அணையின் நீர்மட்டத்தை அடியில்தானே போடுகிறார்கள்? 120 அடி வந்தால் அணை நிரம்பியது. பின்னால் நீர் எத்தனை மைல் பரவிக் கிடக்கிறது என்பது சுவரின் கவலை இல்லை. சுவர் தாங்க வேண்டியது எதிரே நிற்கும் நீரின் ஆழத்தை மட்டும்தான். அணைச்சுவர் மேலே ஒல்லியாகவும் கீழே பருமனாகவும் இருப்பது அதனால்தான். கண்ணாடித் தொட்டிக்கும் இதே கணக்கு. ஆழம் கூடக்கூட அடியில் அழுத்தம் கூடும், முன்கண்ணாடி மொத்தமாகத் தாங்கும் விசையோ ஆழத்தின் வர்க்கத்தில் கூடும். ஆறடி நீளக் கண்ணாடியை இரண்டடித் தண்ணீர் சுமார் 350 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். இரண்டரை அடியானால் அது 540 கிலோவைத் தாண்டும். அரை அடிதான் ஏற்றினோம், விசை ஒன்றரை மடங்காகிவிட்டது.

அகலத்தைக் கூட்டினால் முன்கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. இரண்டடி அகலத்தை மூன்றடி ஆக்கினாலும் அதற்கு அதே தடிமன் போதும். ஆழத்தைக் கூட்டினால் தடிமனும் கூட வேண்டும். மேல் விளிம்பில் சுற்றிலும் கண்ணாடிப் பட்டை ஒட்டிய ஆறடித் தொட்டியை எடுத்துக்கொண்டால், இரண்டடி உயரத்துக்கு 12 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய எல்லை. நான் 15தான் போடச் சொல்வேன். இரண்டரை அடிக்கு 19 மில்லிமீட்டருக்குப் போய்விட வேண்டும். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் இரண்டரை கிலோ. 19 மில்லிமீட்டரில் ஒரு முன்பலகை மட்டுமே 60 கிலோவைத் தாண்டும். அதை மாடிப்படியில் ஏற்ற ஆள் பிடித்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

கண்ணாடியை விடுங்கள், உங்கள் கையை அளந்து பார்த்தீர்களா? தோளிலிருந்து விரல்நுனி வரை பெரும்பாலானவர்களுக்கு இரண்டடிக்குக் கொஞ்சம் கூடுதல். இரண்டரை அடித் தொட்டி ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்திருக்கும். மணலில் விழுந்த பவளத் துண்டை எடுக்க முக்காலி போட்டு ஏறி, தோள் நனைய, கன்னம் தண்ணீரில் பட எட்ட வேண்டும். மாதத்தில் நாலு தடவை இதைச் செய்தால் ஐந்தாவது தடவை "கெடக்குது போ" என்று விட்டுவிடுவீர்கள். ஆழமான தொட்டிகள் பல பாழாவது இந்த அலுப்பில்தான்.

வெளிச்சமும் அப்படியே. விளக்கிலிருந்து தள்ளிப்போகப் போக ஒளி பரவி மெலிந்துவிடும். மேலே நன்றாக வளரும் பவளத்தைக் கீழே வைத்தால் சோர்ந்துபோகும். அடிவரை வெளிச்சம் எட்ட விளக்கைக் கூட்டினால் மேலே இருப்பது கருகும். காற்றும் தண்ணீரும் சந்திக்கும் மேற்பரப்பையும் கணக்கில் எடுங்கள். படுத்த தொட்டிக்கு 15 சதுர அடி, நிமிர்ந்ததற்கு 12. ஆக்சிஜன் உள்ளே வரும் வாசல் அதுதான். கடல் நீருக்கு ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் சக்தியே கொஞ்சம் குறைவு: 25 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் வைத்துக்கொள்ளும், கடல் நீர் 7கூட வைத்துக்கொள்ளாது.

ஆழமான காட்சி வேண்டும் என்கிறவருக்கு என் பதில் இதுதான்: ஆழத்தைக் கீழ்நோக்கித் தேடாதீர்கள், பின்நோக்கித் தேடுங்கள். இரண்டரை, மூன்றடி அகலம் இருந்தால் பாறைகளை முன்னும் பின்னுமாக அடுக்கலாம். நடுவில் குகை விடலாம், மீன் பாறைக்குப் பின்னால் மறைந்து வேறு பக்கம் தலைகாட்டும். கண்ணுக்கு ஆழம் கிடைக்கும், கைக்கும் எட்டும். இரண்டடி உயரத்துக்கு மேல் போகாதீர்கள்.

அடுத்தது எடை. 850 லிட்டர் கடல் நீர் 870 கிலோ. கண்ணாடி, பாறை, மணல், ஸ்டாண்ட், கீழே வைக்கும் சம்ப் என்ற சின்னத் தொட்டி எல்லாம் சேர்ந்தால் ஒன்றேகால் டன்னுக்குக் குறையாது. படுத்த தொட்டியிலேயே சதுர மீட்டருக்கு 900 கிலோ வந்துவிடும். குடியிருப்பு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணய விதி ஐ.எஸ். 875 சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. இதைப் பார்த்துவிட்டு வீடு இடிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். அந்த 200 கிலோ அறை முழுவதும் பரவிய கணக்கு, தொட்டியோ ஒரு மூலையில்தான் உட்காருகிறது. ஆனாலும் மாடியில் வைப்பதானால் கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்து பீம் எங்கே ஓடுகிறது என்று கேட்காமல் வைக்காதீர்கள். தரைத்தளம் கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம்.

ஸ்டாண்டுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. வெல்டிங் பட்டறைக்காரரிடம் சதுரக் குழாயில் அடிக்கச் சொல்லி எபாக்சி பெயின்ட் இரண்டு கோட் போடுங்கள், உப்புக் காற்று சும்மா விடாது. மேலே கெட்டியான பிளைவுட், அதன்மேல் ஃபோம் ஷீட், அதன்மேல்தான் கண்ணாடி. தொட்டியை வைத்ததும் ரசமட்டம் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் எடை முழுக்க அந்த ஒட்டுக்குப் போகும். சிலிகான் நன்றாகக் காய்ந்தபின், உப்பு கலக்கும் முன், சாதாரணத் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். கசிவதானால் அப்போதே கசியட்டும்.

இப்போது அக்காவின் உப்புத் தண்ணிக்கு வருவோம். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி இருந்தாலும் லிட்டருக்கு இரண்டு கிராமைத் தொடுவது அபூர்வம். அளவு ஒரு பக்கம் இருக்கட்டும், சேர்மானமும் வேறு. போரில் வருவது பாறைக்குள் ஊறிய கடினத்தன்மை, நைட்ரேட், சிலிக்கா. சிலிக்கா இருந்தால் தொட்டி முழுக்கப் பழுப்புப் பாசி பூக்கும். மேட்டூர்த் தண்ணீர் நமக்கு அமிர்தம்தான், ஆனால் அதில் இருக்கும் குளோரின் தொட்டிக்கு ஆகாது. ஆகவே எந்தத் தண்ணீராக இருந்தாலும் ஆர்.ஓ. கருவியில் விட்டு, பிறகு மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் வழியாக வடித்து, கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகுதான் உப்பு கலக்க வேண்டும். சமையலறை ஆர்.ஓ. மட்டும் போதாது, குடிக்கச் சுவையாக இருக்கட்டும் என்று அதில் கொஞ்சம் தாதுவை விட்டுவைத்திருப்பார்கள்.

தூத்துக்குடி உப்பு போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சமையல் உப்பு வெறும் சோடியம் குளோரைடு. கடல் உப்பின் எடையில் சோடியமும் குளோரைடும் சுமார் 85 சதவீதம்தான். மிச்சமுள்ள மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம், கார்பனேட் எல்லாம் சேர்ந்துதான் பவளத்தை வாழவைக்கின்றன. அதற்கென்றே விற்கும் ரீஃப் சால்ட் வாங்குங்கள். முதல் நிரப்புக்கு 30 கிலோவுக்கு மேல் பிடிக்கும். உப்பின் அளவை ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள், ஒப்படர்த்தி 1.025க்கும் 1.026க்கும் நடுவில் நிற்க வேண்டும். கடலூரிலிருந்து கேனில் கடல் நீரே கொண்டுவரும் யோசனை எனக்கும் இருந்தது. கரையோர நீரில் ஆறும் ஊர்ச் சாக்கடையும் கலந்திருக்கும், நம்ப முடியாது. தண்ணீர் மாற்றப் பத்து நாளுக்கு ஒரு முறை அத்தனை தூரம் யார் போவது?

சேலத்தில் பவளத் தொட்டியின் பெரிய எதிரி சித்திரை வெயில். பவளத்துக்கு 25, 26 டிகிரி பிடிக்கும். 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் வெளுக்கத் தொடங்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெளியே 38, 40 அடிக்கும்போது தொட்டிக்குள் பம்பும் விளக்கும் சேர்ந்து இன்னும் சூடேற்றும். மலிவான வழி, மேற்பரப்பில் ஃபேன் வைப்பது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான். ஒன்றரை லிட்டர் ஆவியானால் 850 லிட்டரும் ஒரு டிகிரி இறங்கும். இதில் சென்னைக்காரரைவிட நமக்கு லாபம் அதிகம். கோடையில் நம் காற்று காய்ந்த காற்று, ஆவி சீக்கிரம் போகும். ஆனால் சூடு ஓயாமல் வந்துகொண்டே இருப்பதால் நாளெல்லாம் ஆவியும் போய்க்கொண்டே இருக்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே இருக்கும். 20 லிட்டர் குறைந்தால் 35ஆக இருந்த உப்பு 36ஐ நெருங்கிவிடும். அதனால் குறைவதை உப்பில்லாத டி.ஐ. நீரால் ஈடுகட்ட வேண்டும், அதைத் தானாகச் செய்யும் கருவி ஒன்றை மறக்காமல் பொருத்துங்கள். இத்தனை பெரிய தொட்டிக்கு மே மாதத்தில் ஃபேன் மட்டும் போதாது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வேண்டும். சில்லர் தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை அறைக்குள்ளேயே கக்கும், ஆகவே அதை ஜன்னலுக்கு வெளியேயோ காற்றோட்டமான வராண்டாவிலோ வையுங்கள்.

ஏற்காட்டில் வீடு இருப்பவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித் தொட்டியை உடையாமல் கொண்டுபோய்விட்டால் சில்லர் செலவு பெரிதாக இருக்காது. மார்கழி இரவுகளுக்கு ஹீட்டர்தான் வேண்டும். ஆனால் அங்கே வேறொரு சங்கதி. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் இங்கிருப்பதைவிடக் குறைவு. கடல்மட்டத்தில் கரைவதில் ஏறக்குறைய 85 சதவீத ஆக்சிஜன்தான் தண்ணீரில் கரையும். மீன்களைக் கொஞ்சம் குறைவாக விட்டு, மேற்பரப்பை நன்றாகக் கலக்கிவிட வேண்டும்.

சம்ப் என்றதும் நமக்கு வீட்டு வாசலில் இருக்கும் நிலத்தடித் தொட்டி ஞாபகம் வரும். இங்கே சம்ப் என்பது பெரிய தொட்டியின் கீழே ஸ்டாண்டுக்குள் ஒளிந்திருக்கும் சின்னத் தொட்டி. மேலிருந்து வழியும் நீர் இதில் இறங்கும். ஹீட்டர், ஸ்கிம்மர் எல்லாம் இங்கே இருக்கும், பம்ப் திரும்ப மேலே ஏற்றும். ஸ்கிம்மர் என்பது கடற்கரையில் நுரை ஒதுங்குவதைக் குழாய்க்குள் நடத்திக்காட்டும் கருவி. நுண்குமிழிகளில் கழிவு ஒட்டிக்கொண்டு நுரையாகக் கோப்பையில் சேரும், அந்த நாற்றம் பிடித்த தேநீரைக் கொட்டிவிடலாம்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று வாங்கும் அன்றே யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை. பம்ப் நின்றதும் மேல்தொட்டியின் நீர், திரும்பும் குழாயின் வாய் வெளியே தெரியும்வரை கீழே இறங்கும். 15 சதுர அடிப் பரப்பில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் 14 லிட்டர். குழாய் வாய் மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 40 லிட்டருக்கு மேல், அதற்குச் சம்பில் காலியிடம் இருக்க வேண்டும். என் குழாய் வாய் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதுக்குக் கரண்ட் போனது, நான் வேலையில் இருந்தேன். அம்மா ஃபோன் செய்து, "ஹால்ல கடல் வந்துருச்சு, வர்றியா?" என்றார். நூறு லிட்டருக்கு மேல் உப்பு நீர், சோபாவின் காலில் இன்னும் அந்த வெள்ளைக் கோடு இருக்கிறது. அன்று மாலையே குழாய் வாயை உயர்த்தினேன். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளையும் போட்டேன், மட்டம் அங்கே இறங்கியதும் துளை வழியாகக் காற்றுப் புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். வழிந்து இறங்கும் குழாயும் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும், ஒன்றில் நத்தை அடைத்தால் மற்றது காப்பாற்றும். தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் ஒன்றையாவது இன்வெர்ட்டரில் இணையுங்கள், நீர் அசையாமல் நின்றால் சில மணி நேரத்தில் மீன் மூச்சுக்குத் தவிக்கும். உப்பு நீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் மின்கசிவு என்றால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஒரு பிளக்கையும் சொருகாதீர்கள். பித்தளை, செம்பு எதுவும் நீரில் படக் கூடாது. செம்பு பவளத்துக்கும் இறால் நத்தைகளுக்கும் விஷம்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் மீன் வாங்கக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். மீன் கழிவிலிருந்து அமோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது அளவோடு இருந்தால் பரவாயில்லை. இந்தப் பாக்டீரியாக்கள் நுண்துளையுள்ள பாறையில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அவற்றுக்குத் தீனியாக உரித்த இறால் ஒன்றைப் போட்டு அழுகவிடுங்கள், முன்பெல்லாம் செய்ததுபோல் உயிர்மீனை விட்டுச் சோதிக்க வேண்டாம். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தபின் பழுப்புப் பாசி வரும், அதன்பின் பச்சைப் பாசி வரும். தொட்டி அசிங்கமாக இருக்கும் இந்தக் காலத்தில் மருந்து ஊற்றாமல், நத்தைகளை விட்டுத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தால் தானாக அடங்கும். பாறைக்கு நம் ஊர் மேக்னசைட் வெள்ளைக்கல்லை எடுத்துவந்து போட்ட ஒருவரைத் தெரியும். அது வேறு கல், அடர்த்தியானது, பாக்டீரியாவுக்கு வீடாகாது.

பவளம் எங்கிருந்து வாங்குவது என்பதில் சட்டம் குறுக்கே நிற்கிறது, நிற்கட்டும். கல் பவளங்கள் எல்லாம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு உள்ள அதே இடம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. "ராமேஸ்வரத்துல ஆள் இருக்கு, எடுத்துத் தர்றேன்" என்று யாராவது சொன்னால் ஃபோனை வைத்துவிடுங்கள், காய்ந்த பவளக் கல்லுக்கும் இதே பதில்தான். தொடங்குகிறவருக்கு மஷ்ரூம், ஜோவாந்திட், லெதர் போன்ற மென்பவளங்கள் போதும், பில்லோடு வாங்குங்கள். இவை வெளிச்சத்திலும் நீரிலும் கொஞ்சம் ஏறுமாறு இருந்தாலும் தாங்கும். ஜோவாந்திட்டைக் கையுறை போடாமல் தொடாதீர்கள். சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. அது ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் கொதிக்கவைத்து, அந்த ஆவியைச் சுவாசித்து மருத்துவமனைக்குப் போனவர்கள் உலகில் பலர்.

மீனில் முதலில் கோமாளி மீன் ஒரு ஜோடி. இதைக் கடலில் பிடிக்கத் தேவையில்லை, மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்திலேயே குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள். பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். வாங்கிய மீனைத் தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி நோய் பெரிய தொட்டிக்குள் போய்விட்டால் செம்பு மருந்தும் ஊற்ற முடியாது, மீனையும் பாறைகளுக்கு நடுவே பிடிக்க முடியாது.

எதிர்வீட்டு அக்கா இப்போது வாரம் ஒரு தடவை வந்து பார்க்கிறார். என் ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் நல்ல நீருக்கு மூன்று லிட்டர் கழிவு நீர் தள்ளுகிறது. அதை இரண்டு டிரம்மில் பிடித்து வைக்கிறேன், வாசல் கழுவ அவர் ஒரு டிரம்மை எடுத்துக்கொள்கிறார். "கடல் தண்ணி கேட்ட புள்ள, கடைசில எனக்குத் தண்ணி குடுக்குறான்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.